பிரிந்த சுற்றமும் பொங்கற் சோறும்

தைத்திங்கள் பிறக்குமுன்னரே தமிழகத்துச் சாலைகள் எல்லாம் ஊர்நோக்கித் திரும்பிவிடுகின்றன. சென்னைக் கிளாம்பாக்கத்திலும் கோவையிலும் திருப்பூரிலும் சிறப்புப் பேருந்துகளுக்காக மக்கள் இரவெல்லாம் காத்துக் கிடக்கின்றனர். இருக்கை கிடையாவிடினும் நின்றுகொண்டே சென்று, பெற்றோர் முற்றத்திற் பொங்கும் பானையைத் தம் பிள்ளைகட்குக் காட்டிவிட வேண்டும் என்னும் வேட்கை அவர்களைச் செலுத்துகின்றது. உழவும் உறவும் தமிழ் வாழ்வின் இரு தூண்கள் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

ஆயின், அப் பேருந்துகளில் ஏறாதாரும் உளர். அவர்க்கும் ஊர் உண்டு. அவ்வூரில் வீடு உண்டு. வீட்டில் தாயும் தந்தையும் உயிரோடு உளர். எனினும் அவர்கள் போகார். போனால் 'வா' என்பார் இல்லை. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் வாழ்ந்தும், எதிர்வீட்டுப் பிள்ளைகள் பானை பொங்கக் கண்டு ஆர்ப்பரிக்கும் ஒலியைக் கேளாதவர்போல் முகந்திருப்பிக்கொள்ளும் அண்ணன் தம்பியரும் உளர். தமிழர் திருநாள் என்று நாம் பெருமையோடு அழைக்கும் நாளில், தமிழ்க் குடும்பங்கள் எத்துணை இவ்வாறு இரண்டுபட்டுக் கிடக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதற்கு மருந்தாகப் பெரியோர் சிலர் ஒன்று கூறுவர். "நாளும் கிழமையுமாகப் பகை எதற்கு? நடந்தது நடந்துவிட்டது. வந்து ஓர் இலையில் உட்கார்ந்து உண்டு போங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்பர். நல்லெண்ணத்தாற் சொல்லும் சொல்தான். ஆயினும், அது பாதி உண்மையே. சோறு சில பிரிவுகளை ஆற்றும்; சிலவற்றை ஆற்றாது. எதனை ஆற்றும், எதனை ஆற்றாது என்று பகுத்துணராமல் எல்லாவற்றின்மேலும் ஒரு கரண்டிப் பொங்கலை இட்டு மூட முயல்வதனாலேயே, பல வீடுகளில் கூடியுண்ட கை உலருமுன் மீண்டும் பிரிந்து போகின்றனர்.

விருந்து ஆற்றும் பிணக்கு

சிறிய பிணக்கை விருந்து ஆற்றும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். தொல்காப்பியக் கற்பியலில், ஊடிய தலைவியையும் தலைவனையும் இடைநின்று இணக்குவிக்கும் வாயில்கள் பன்னிருவரை ஆசிரியர் எண்ணுகின்றார். தோழியும் தாயும் பாணனும் அறிவரும் அடங்கிய அவ்வரிசையில் விருந்தினர்க்கும் இடம் உண்டு. விருந்தினர் வழக்காடித் தீர்க்க வேண்டுவது ஏதுமில்லை. அவர் வாயிற்படி ஏறிய அளவிலேயே இல்லத்தலைவி தன் சினத்தை உள்ளடக்கி, அடுப்பை மூட்டி, கணவனோடு சேர்ந்து அவரைப் பேணத் தொடங்கிவிடுவாள். பேணும் வினையிலேயே ஊடல் கரைந்துபோம். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். பழகிச் சலித்த இருவரிடையே புதியவர் ஒருவர் வந்து நிற்க, பழைய சினம் மறைகின்றது. எத்துணை நுண்ணிய உளநூலறிவு!

நம் வீடுகளிற் காணும் பிணக்குகளுட் பெரும்பாலன இவ்வகையினவே. திருமண அழைப்பிதழில் ஒருவர் பெயர் விட்டுப்போயிற்று; மாலையிடும்போது தாய்மாமனை முன்னழைக்கவில்லை; காதணி விழாவுக்கு வந்த சீர் குறைந்தது; கூட்டத்தில் ஒருவன் வாய்தவறி ஒரு சொல் சொல்லிவிட்டான். தொடக்கத்தில் இது சிறு கீறலே. ஒரு பொங்கலுக்குப் போகாமல் இருந்தது, மறு பொங்கலுக்குப் போகக் கூசுவதற்குக் கரணியமாகின்றது. பத்தாண்டு சென்றபின், எதற்காகப் பிரிந்தோம் என்பதே இருவர்க்கும் மறந்துபோய், பிரிந்திருத்தல் மட்டும் எஞ்சி நிற்கின்றது. ஊடல் உணவிலிட்ட உப்பினைப்போல் அளவோடு இருத்தல் வேண்டும், சிறிது நீளினும் கெடும் என்று வள்ளுவர் காமத்துப்பாலிற் சொன்னது உடன்பிறந்தார்க்கும் பொருந்துவதே. இத்தகையோர்க்கு ஆராய்ச்சி வேண்டா; ஊர்மன்றும் வேண்டா. யாரேனும் ஒருவர் முன்சென்று கதவைத் தட்டினாற் போதும். அண்ணி பரிமாறும் முதற் கரண்டிச் சோற்றிலேயே அது தீர்ந்துபோம். இங்கே பெரியோர் சொல் முழுவுண்மை.

ஆனால், கரணியம் மறவாத பிரிவு வேறு. ஒருவர்க்கு மற்றவர் இழைத்த தீங்கு இன்றும் தீராமல் நிற்குமாயின், அப் பிரிவுக்கு விருந்து வாயிலாகாது. அதற்கு வேறு நெறி உண்டு.

சுற்றந்தழால் கூறும் நெறி

திருக்குறளின் 53-ஆம் அதிகாரம் சுற்றந்தழால். அரசனுக்குக் கூறிய பகுதியில் அது வைக்கப்பட்டிருப்பினும், தன் இல்லத்துக்குத் தலைவனாயிருப்பான் ஒவ்வொருவனும் கற்கத்தக்கது. அங்கே வள்ளுவர் காக்கையைக் காட்டுகின்றார். தனக்குக் கிடைத்த இரையை மறையாது, தன் இனத்தைக் கரைந்தழைத்து உண்ணும் அவ்வியல்புடையார்க்கே ஆக்கம் உளதாகும் என்கின்றார். இதனை நாம் அனைவரும் பள்ளியிற் படித்திருக்கின்றோம், பிள்ளைகட்கும் சொல்லிக்கொடுக்கின்றோம்.

ஆயின், அவ்வதிகாரத்தின் இறுதியில் நிற்கும் இரு குறள்களை நாம் அத்துணைப் போற்றுவதில்லை. ஒன்று 529. தம்மவராயிருந்து பின் தம்மை விட்டு நீங்கியவர், அங்ஙனம் நீங்குதற்கு ஏதுவாயிருந்த கரணியம் இல்லையாயின் தாமே வந்து சுற்றமாவர் என்பது அதன் கருத்து. உரையாசிரியர் பரிமேலழகரும் அக் கரணியத்தை, நீங்கிப் போனவன்மேல் ஏற்றாது, தலைவன்பாலே வைத்து உரைப்பர். மற்றொன்று 530. கரணியம் இன்றித் தானே பிரிந்துபோய்ப் பின் ஒரு பயன் கருதி மீள வருபவனுக்கு வேண்டுவது செய்து, எனினும் ஆராய்ந்து ஏற்றுக்கொள்க என்பது அதன் கருத்து.

இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு முறைமை விளங்கும். போனவன் ஏன் போனான் என்று முதலிற் கேள். அவனைப் போக்கியது நீயாயின், அதனை நீக்கு. நீக்கினால் அவன் வருவான். நீக்காமல் ஆயிரம் முறை அழைப்பினும், வந்தவன் உடல்தான் உன் இலையின்முன் அமர்ந்திருக்கும். உள்ளம் வாயிற்படிக்கு வெளியே நிற்கும்.

போர் நிற்பதும் உறவு மீள்வதும் ஒன்றல்ல என்பதற்குப் புறநானூற்றிலேயே துயர்மிக்க சான்றொன்று உண்டு. கோப்பெருஞ்சோழன் தன் மக்கள் இருவர்மேற் படைகொண்டு சென்றான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் அவனைத் தடுத்தார். நீ வென்றால் உன் நாட்டை யாருக்கு விட்டுச் செல்வாய், தோற்றால் உன் பகைவர் அன்றோ மகிழ்வர் என்னும் பொருள்பட அவர் கூறியதை 213-ஆம் பாட்டிற் காணலாம். போர் நின்றது. ஆயின், மக்கள் வந்து தந்தையைத் தழுவிக்கொண்டதாகவோ மூவரும் ஒருங்கிருந்து உண்டதாகவோ புறநானூறு கூறவில்லை. சோழன் ஊணைத் துறந்து வடக்கிருந்து உயிர் நீத்தான். அவனருகில் வந்து அமர்ந்து உடன் உயிர்விட்டவர், பாண்டிநாட்டிலிருந்து வந்த பிசிராந்தையார் என்னும் நண்பர். பெற்ற மக்கள் அல்லர். வாளை உறையில் இட்டதோடு கடமை முடிந்தது என்று எண்ணும் தந்தையர் இச் செய்தியை ஆழ எண்ணுக.

பங்கும் பகையும்

நம் குடும்பங்களை இன்று இரண்டாக்கும் பெருங்கரணியங்கள் இரண்டு. ஒன்று நிலம்; மற்றொன்று மணம்.

ஒரு குடியிற் பிறந்து உடைமையிற் பங்கு உடையானைப் பங்காளி என்கின்றோம். பங்கிட்டுக் கொள்ளும் உரிமையால் வந்த உறவுப்பெயர் அது. இன்றோ, 'பங்காளி' என்றவுடன் 'சண்டை' என்னும் சொல்லும் ஒட்டிக்கொண்டு வருகின்றது. இது புதிதும் அன்று. சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, உள்ளே நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடந்தபோது, கோவூர்கிழார் இடைநின்று அறிவுறுத்தினார். இருவரும் சூடியது சோழர்க்குரிய ஆத்தி மாலையே ஆதலின், எவர் தோற்பினும் தோற்பது அக் குடியே என்பது அவர் எடுத்துரைத்த உண்மை. ஒரு வரப்புக்காக இருபது ஆண்டு முறைமன்றப் படி ஏறி, வழக்குச் செலவுக்கே அவ் வயலை விற்ற அண்ணன் தம்பியர் நம் ஊர்தோறும் உளர். அவர் இருவருள் வென்றவர் யார்?

அண்ணன் தம்பியர் பூசலையேனும் ஊர் பேசும். பேசப்படாமல் உள்ளுக்குள் எரிவது உடன்பிறந்தாள் பங்கு. தமிழ்நாட்டரசு 1989-இல் இந்து மரபுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அன்று மணமாகாதிருந்த பெண்மக்கட்கு வழிவழி வந்த கூட்டுக் குடும்ப உடைமையில் ஆண்மக்களோடு ஒத்த பங்கு அளித்தது. நடுவணரசு 2005-இல் அவ்வுரிமையை மணமான பெண்மக்கட்கும் விரித்தது. 2005-இல் தந்தை உயிரோடு இருந்தாலும் இல்லாவிடினும் மகளுக்குப் பிறப்பாலேயே அவ்வுரிமை உண்டு என்று 2020-இல் உச்ச முறைமன்றம் ஐயமறத் தெளிவுறுத்தியது. சட்டம் முப்பது ஆண்டுகளில் நெடுந்தொலைவு நடந்துவிட்டது. நம் வீட்டு முற்றமோ நின்ற இடத்திலேயே நிற்கின்றது.

தை பிறக்குமுன் அண்ணன் தங்கை வீட்டுக்குப் பொங்கற்சீர் கொண்டு செல்கின்றான். புத்தரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சட்கொத்து, புடவை, இயன்ற பணம். தமிழர் வழக்கங்களுள் இதனினும் இனியது அரிது. கட்டிக்கொடுத்த பின்னும் நீ எம் குடியினள் என்று ஆண்டுதோறும் அவளுக்கு உணர்த்தும் செயல் அது. ஆயின், அச் சீரோடு ஒரு விடுதலை ஆவணத்தையும் கொண்டு செல்வாரை என்னென்பது! பதிவு அலுவலகத்துக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்பது. அவள் தயங்கினால், தாய்வீடு வேண்டுமா, பங்கு வேண்டுமா என்று கேட்பது. இக் கேள்வியைப் போலக் கொடியது பிறிதில்லை. அண்ணனை ஒருவரும் இவ்வாறு கேட்பதில்லை. அவனுக்கு வீடும் உண்டு, பங்கும் உண்டு. அவளுக்கோ இரண்டில் ஒன்றுதான். பங்கைக் கேட்டவள் பிறந்தகத்தை இழக்கின்றாள். பிறந்தகத்தை வேண்டியவள் பங்கை இழக்கின்றாள்.

சீர் வேறு, பங்கு வேறு. சீர் அன்பு, பங்கு உரிமை. உரிமைக்கு விலையாக அன்பைக் கொடுத்தால் அன்பும் கடனாகிவிடும். தங்கை தானே மனமுவந்து விட்டுக்கொடுப்பாளாயின், அது அவள் பெருந்தன்மை. அதனை வணங்கி ஏற்றுக்கொள்க. ஆயின், விட்டுக்கொடாதவளைப் பகைத்தல் முறையன்று. இக் கரணியத்தாற் பிரிந்த தங்கையைப் பொங்கலுக்கு அழைக்க விரும்புவோன், கரும்புக்கட்டைத் தூக்குமுன் நில ஆவணத்தைத் தூக்குக. அவள்முன் அமர்ந்து, உன் பங்கு இது என்று கணக்குக் காட்டுக. நிலமாகக் கொடுக்க இயலாவிடின் பணமாகக் கொடுக்கும் தவணையைச் சொல்லுக. அதன்பின் கொண்டுசெல்லும் கரும்பே இனிக்கும்.

மணத்தால் வந்த பிரிவு

நிலத்தால் வந்த பிரிவு பொருளால் தீரும். மணத்தால் வந்த பிரிவு அவ்வாறன்று. அங்கே தடையாய் நிற்பது சாதி.

சில ஆண்டுகட்கு முன் எட்டாம் வகுப்பு மாணவரைப் பொங்கல் விழாவைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணித்தேன். எல்லாரும் தாத்தா ஊர், அங்குள்ள மாடு, மஞ்சுவிரட்டு, மாமன் கொடுத்த காசு என்று பக்கம் பக்கமாக எழுதினர். ஒரு சிறுவன் மட்டும் வீட்டிற் சமைத்ததை அரைப்பக்கம் எழுதி நிறுத்திவிட்டான். ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "அம்மா ஊருக்கு நாங்க போகக்கூடாதாம் ஐயா" என்றான். அவ்வூர் எங்கள் பள்ளியிலிருந்து பேருந்தில் அரைமணி வழி. அச் சிறுவனுக்குத் தாத்தா என்பவர் உயிரோடு இருந்தும் ஒரு பெயர்தான். தாய் வேறு சாதியானை மணந்தாள் என்பது அவள்மேற் சாற்றப்பட்ட குற்றம். சிறுவன் செய்த குற்றம் யாது?

2006-இல் உச்ச முறைமன்றம் ஒரு வழக்கில் இவ்வாறு கூறியது: அகவை நிரம்பிய ஆணும் பெண்ணும் தாம் விரும்பியவரை மணக்கலாம், அம் மணம் பெற்றோர்க்கு உவப்பில்லையெனின் அவர்கள் செய்யக்கூடுவதெல்லாம் உறவை அறுத்துக்கொள்வதே, அச்சுறுத்தலும் துன்புறுத்தலும் கூடா. சட்டத்தின் எல்லை இதுவே. கை ஓங்குவாரைச் சட்டம் தடுக்கும். கதவை அடைப்பாரை அது ஒன்றும் செய்யாது. எந்த முறைமன்றமும் ஒரு தந்தைக்கு, உன் மகளை அழைத்துச் சோறிடு என்று ஆணையிடாது. சட்டம் முடியும் அவ்விடத்தில் அறம் தொடங்கவேண்டும்.

இதனைத் தமிழ் மரபுக்கு மாறு என்பார் உளர். அவர்கள் தமிழ் மரபை எங்குக் கற்றனர்? விரும்பியவனோடு மகள் வீட்டை விட்டுச் செல்வதற்கு 'உடன்போக்கு' என்று பெயரிட்டு, அதனை அறத்தின்பாற் பட்ட ஒழுக்கமாக வகுத்தவர் நம் முன்னோர். மகள் போனதற்குத் தாய் வருந்துவாள், பாலை வழியின் வெம்மையை நினைந்து அழுவாள், ஆயின் அவளைக் கொல்லச் சொல்லாள், தலைமுழுகச் சொல்லாள். ஐங்குறுநூற்றுப் பாலைப் பகுதியில் 'மறுதரவுப் பத்து' என்றே ஒரு பத்து உண்டு. உடன்போக்கிற் சென்றவர் மீண்டு வருதலைப் பற்றிய பாட்டுகள் அவை. பாடியவர் ஓதலாந்தையார். அதன் முதற்பாட்டாகிய 391-இல், மகளைப் பிரிந்த தாய் ஒருத்தி காக்கையிடம் பேசுகின்றாள். என் மகள் அவள் காதலனோடு இங்கு வரக் கரைவாயாக, வந்தால் நீயும் உன் சுற்றமும் உண்ண ஊன்கலந்த சோற்றைப் பொற்கலத்தில் இடுவேன் என்று வேண்டுகின்றாள். மகள் மட்டும் வந்தாற் போதும் என்று அத் தாய் கேட்கவில்லை. அவன் இல்லாமல் வா என்னவில்லை. இருவரும் வரவேண்டும் என்கின்றாள். அப் பத்திலேயே 399-ஆம் பாட்டில் மற்றொரு தாய், சிலம்பு கழிக்கும் சடங்கை உங்கள் வீட்டில் நடத்தினாலும், திருமணத்தையேனும் எங்கள் வீட்டில் நடத்தலாகாதா என்று மணமகன் வீட்டாரைக் கேட்கின்றாள்.

இதுவன்றோ தமிழ்த்தாய் உள்ளம்! இன்றும் அவ்வுள்ளம் மாறிவிடவில்லை. கணவனுக்குத் தெரியாமல் அரசு மருத்துவமனைக்குச் சென்று மகள் ஈன்ற குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வரும் தாயர் எத்துணையர்! பேருந்து நிலையத்தில் கால்மணி நேரம் நின்று, முறுக்குப் பொட்டலத்தை மகள் கையில் திணித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார் எத்துணையர்! தாய் தன் மகளைத் திருடிபோல் மறைந்து காணவேண்டிய நிலையை எந்தத் தமிழ் நூல் விதித்தது? எந்நூலும் விதிக்கவில்லை. விதித்தது சாதிச் செருக்கு ஒன்றே.

அழைத்தால் ஊர் எங்களை ஒதுக்கிவிடும் என்று தந்தையர் கூறுவர். அச்சம் பொய்யன்று. மகளை ஏற்றவர் வீட்டு நன்மை தீமைக்கு உறவினர் வாராமையும், அவ் வீட்டிற் கொள்வினை கொடுப்பினை நின்றுபோவதும் நாம் கண்டனவே. ஆயின், ஊர் என்பது யார்? பத்து வீட்டார் சேர்ந்ததே ஊர். அப் பத்து வீட்டிலும் ஏதேனும் ஒரு பிள்ளை இவ்வாறு வெளியே நிற்கின்றது. ஒவ்வொருவரும் மற்றவர்க்கு அஞ்சித் தத்தம் பிள்ளையை வெளியே நிறுத்தியிருக்கின்றனர். முதலில் ஒருவர் கதவைத் திறந்தால், மூன்றாம் ஆண்டில் நால்வர் திறப்பர். நம் இயக்கத்தார், தமிழ்ப் பற்றாளர், திருக்குறள் மன்றத்தார் என்று பெயர் கொண்டோர் அந்த முதல் வீட்டாராக இல்லாவிடின் வேறு யார் இருப்பர்?

எல்லாரையும் அழைக்கலாமா?

பிரிந்தவர் அனைவரும் கூடியே தீரவேண்டும் என்று கூறுவதும் பிழையாகும். பெண்ணை அடித்துத் துன்புறுத்திய வீட்டுக்கு, பெரியவர்கள் சொல்கிறார்கள், ஒரு நாளைக்குத்தானே என்று அவளை அனுப்புதல் அறமன்று. தீங்கு செய்தவன் தன் தீங்கை ஒப்புக்கொள்ளாதிருக்க, துன்புற்றவரைப் பொறுத்துப் போ என்று வற்புறுத்துவது, முன்னைத் தீங்கோடு பின்னொரு தீங்கு சேர்ப்பதே. வருவதும் வாராமையும் துன்புற்றவர் உரிமை.

இதனைச் சொல்லவேண்டிய கட்டாயம் நம் காலத்தில் நேர்ந்துவிட்டது. 2022-இல் கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரில், சாதி கடந்து மணந்த புதுமண இணையரை விருந்துக்கென வரவழைத்து வெட்டிக் கொன்றனர். பெண்ணின் உடன்பிறந்தானே அதற்காகக் காவலர் கையிற் பட்டான். 'விருந்து' என்னும் சொல்லுக்கு இதனினும் பெரிய இழிவு நேர்ந்ததுண்டோ? ஒரு சாரார் சோற்றையே பொறியாக்கிய பின்னர், அழைப்பைக் கேட்டு அஞ்சும் பிள்ளைகளைக் குறைகூற நமக்கு வாயில்லை. ஆகலின், அழைப்பவர் தம் சொல்லுக்குத் தாமே பிணையாதல் வேண்டும். ஊரறிய அழைக்க வேண்டும். மகளும் மருமகனும் நம்பும் நண்பர் ஒருவரையும் உடன் அழைக்க வேண்டும். வீட்டுக்கு வர அஞ்சினால், பெற்றோர் அவர்கள் வீட்டுக்குச் சென்று உண்ணவேண்டும். மகள் வீட்டிற் கைநனைப்பதில் என்ன குறை?

யார் முன்செல்வது?

இனிச் செய்யவேண்டுவன சில கூறுவல்.

கதவை அடைத்தவரே முன்செல்ல வேண்டும். பெரியவர் சிறியவரிடம் போவதா என்பது வீண்பேச்சு. தவறு எவரிடமோ அவரே சிறியவர். அதனைத் திருத்த முன்வந்த அப்பொழுதே அவர் பெரியவர் ஆகிவிடுகின்றார்.

நேரிற் செல்ல வேண்டும். பத்தாண்டுப் பிரிவைக் கைப்பேசியில் ஒரு படத்தையும் வாழ்த்தையும் அனுப்பித் தீர்க்க இயலாது. போகிக்கு ஒரு கிழமை முன்னரே செல்க. பொங்கலன்று காலையில் அழைப்பது, இலை மிகுந்துவிட்டது என்று அழைப்பதுபோல் ஆகும்.

செய்த தீங்கைப் பெயர்சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். ஏதாவது வருத்தம் இருந்தால் மனத்தில் வைத்துக்கொள்ளாதே என்பது ஒப்புக்கோள் ஆகாது. உன் பங்கை நான் கொடுக்கவில்லை. உன் கணவனை இழித்துப் பேசினேன். உன் குழந்தையை நான் வந்து பார்க்கவில்லை என்று சொல்லுதல் வேண்டும். அவ்வாறு சொல்லிய நாவினால் உண்ணும் சோறு வேறு சுவை உடையது.

வந்தவரை ஒரே வரிசையில் அமர்த்த வேண்டும். மகளை அடுக்களையிலும் மருமகனைத் திண்ணையிலும் இருத்திச் சோறிடுவது விருந்தன்று. அது இரண்டாம் முறை வெளியேற்றுதல். அவர்கட்கு வேறு கலம், வேறு குவளை வைப்பார் தம்மைத் தமிழர் என்று சொல்லிக்கொள்ளவும் கூசவேண்டும்.

ஒரு வேளை உணவோடு எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணலாகாது. பொங்கலுக்கு வந்தவரை அடுத்து வரும் நன்மை தீமைகட்கும் அழைக்க வேண்டும். பேரப்பிள்ளைகளின் பெயரை வீட்டு அழைப்பிதழ்களில் அச்சிட வேண்டும். உறவு மீண்டது என்பதற்கு அதுவே சான்று.

தை இரண்டாம் நாள் விடியலிற் சில வீட்டுப் பெண்டிர் மஞ்சள் இலையைப் பரப்பி, அதன்மேல் வண்ணச் சோற்றுருண்டைகளை வைத்துக் காக்கைகளை அழைப்பர். தம் உடன்பிறந்தார் நலமாக வாழவேண்டும் என்பது அவர் வேண்டுதல். கணுப்பிடி என்று அதற்குப் பெயர். அந்நாளே தமிழக அரசு கொண்டாடும் திருவள்ளுவர் நாளும் ஆகும். காக்கையைக் காட்டிச் சுற்றம் தழுவச் சொன்ன அப் பெருமானின் நாளில், தன்னை ஐந்தாண்டாக எட்டிப் பாராத அண்ணனுக்காக ஒரு தங்கை எங்கோ ஒரு வாடகை வீட்டு மாடியில் நின்று காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருப்பாள். அவ் வேண்டுதலைக் காக்கை கேட்கின்றது, அண்ணன் கேட்கவில்லை.

தமிழ் நெஞ்சங்களே! நம் மொழியைக் காப்போம் என்கின்றோம்; இனத்தைக் காப்போம் என்கின்றோம். இனம் என்பது எங்கோ மேடையில் இருப்பதன்று. நம் முற்றத்தில் நம்மோடு உண்ண அமர்வோரிலிருந்து தொடங்குவது. பெற்ற மகளையும் உடன்பிறந்த தங்கையையும் வெளியே நிறுத்திவிட்டு எந்த இனத்தைக் கூட்டப் போகின்றோம்? இந்தத் தைக்குமுன் ஒவ்வொருவரும் ஒன்று செய்க. நம்மால் நம்மை விட்டுப் பிரிந்தவர் யார் என்று எண்ணுக. அவர் பிரிந்த கரணியத்தை நீக்குக. நீக்கியபின் சென்று அழைக்குக. அவர் வந்து அமர்ந்தபின் பானை பொங்கட்டும்!